ஐம்பதில் வளைந்தவர்கள்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். வடிவில் அது கேள்விதான். ஆயினும் அதைச் சொல்பவர் எவரும் விடையை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பதற்காகப் பிறந்த பழமொழி, நாளடைவில் பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானமாகவும் ஆகிவிட்டது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய தருணம் வரும்போதெல்லாம் அந்தப் பழமொழி நம் நாவில் தானாகவே வந்து அமர்ந்துகொள்கிறது.

அண்மையில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலையின் வரலாற்றைப் படித்தபோது இப்பழமொழியை மறுபடியும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. இக்கலையில் குத்தும் உதையும் பாடமல்ல. கனத்த பருத்தி அங்கி அணிந்த இருவர் பாயின்மேல் ஒருவரையொருவர் பற்றி, வீழ்த்தி, தரையிலே உருண்டு, கைமூட்டை மடக்கியோ கழுத்தை இறுக்கியோ எதிரியைப் பணியவைக்க முயல்வர். இஃது இருபது வயது இளைஞருக்கே உரியது என்று எவரும் எண்ணுவர். ஆனால் இன்று உலகின் பற்பல நகரங்களிலும் நாற்பதிலும் ஐம்பதிலும், ஏன், அறுபதிலும்கூட இதை முதன்முதலாகக் கற்க வருவோர் உள்ளனர். எலும்பு தேயத் தொடங்கும் வயதில் மனிதர் தேடிவருவதற்கு இந்தக் கலையில் அப்படி என்ன இருக்கிறது? விடையை அதன் வரலாற்றிலேதான் தேட வேண்டியிருக்கிறது.

அவ்வாறு வயது கடந்து வந்தவர்களுள் பெரும்புகழ் பெற்ற ஒருவர், இக்கலை பிரேசிலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே வந்துவிட்டார். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட். 1904-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 45. யமஷிட்டா யோஷிட்சுகு என்னும் ஜப்பானிய ஆசிரியர் வாஷிங்டன் நகருக்கு வந்து ஜூடோ கற்பித்து வந்தார். அக்காலத்து மேலை நாட்டார் ஜூடோவையும் ஜியு-ஜிட்சு என்றே அழைத்தனர். நாட்டின் தலைவர் அவருக்கு மாணவரானார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், வாரத்துக்கு மூன்று முறை ஜப்பானியர் இருவரோடு மற்போர் பயில்வதாக ரூஸ்வெல்ட் குறிப்பிடுகிறார். பிறர் தலைக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவதற்குத் தம் வயதும் உடலமைப்பும் ஏற்றவையல்ல என்று தம்மையே நகையாடிக்கொள்கிறார். ஒருநாள் பயிற்சியில் எதிரி தம் கழுத்தை இறுக்க, தாமும் அவர் குரல்வளையைப் பற்றி முந்திவிடலாம் என்று பார்த்ததாகவும், எதிரியே முந்திக்கொண்டதால் தொண்டை வலிக்கிறதென்றும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்.

1913-ஆம் ஆண்டில் வெளியான தன்வரலாற்றில் அவர் சொல்லும் செய்தி இதனினும் சுவையானது. வெள்ளை மாளிகையில் இளம் பீரங்கிப்படை அதிகாரி ஒருவரோடு குத்துச்சண்டை செய்தபோது இடக்கண்ணில் விழுந்த குத்து அதன் இரத்த நாளங்களைச் சிதைத்துவிட்டது. அதன்பின் அக்கண்ணின் பார்வை மங்கியே போயிற்று. தாம் முதுமையை எட்டிவிட்டதை ஒப்புக்கொண்டு குத்துச்சண்டையை விட்டுவிடுவதே நலம் என்று முடிவு செய்தாராம். அதற்கு அடுத்த வாக்கியம் என்ன? அதன்பின் ஓரிரு ஆண்டுகள் ஜியு-ஜிட்சு பயின்றாராம்! நம்மில் ஒருவர் முதுமையை ஒப்புக்கொண்டால் அடுத்து வாங்குவது கைத்தடியாக இருக்கும்.

இதில் வேடிக்கை மட்டுமின்றிப் பொருளும் உண்டு. எறிந்த குத்தைப் பாதி வழியில் நிறுத்த இயலாது. அது கண்ணில் விழுந்தால் கண் போயிற்று. மூட்டுப் பூட்டோ கழுத்துப் பிடியோ அவ்வாறல்ல. எல்லைவரை கொண்டுசென்று அங்கே நிறுத்தலாம். நிறுத்தும்படி கேட்கவும் ஒரு வழியுண்டு. பிடியில் சிக்கியவர் எதிரியின் உடலையோ பாயையோ கையால் தட்டினால் போதும். கைகள் இரண்டும் சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம், காலாலும் தட்டலாம். தட்டிய அக்கணமே பிடி விடப்படும். இருவரும் எழுந்து கைகொடுத்துக்கொண்டு மீண்டும் தொடங்குவர். முழு வலிமையோடு மோதியும் வீடு திரும்புகையில் உறுப்புகள் முழுமையாய் இருப்பது இந்தச் சிறு தட்டலினால்தான். ஆகவே முதியவருக்குக் குத்துச்சண்டையின் கதவு மூடிய இடத்தில் இதன் கதவு திறந்திருந்தது.

யமஷிட்டாவைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் ரூஸ்வெல்ட்டின் கடிதங்களில் உண்டு. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிராண்ட் என்னும் அமெரிக்க மல்லர் ஒருவரோடு யமஷிட்டாவை மோதவிட்டுப் பார்த்தனர். மேலை நாட்டு மற்போரில் எதிரியை மல்லாத்தித் தோள்கள் தரையில் படச் செய்தால் வெற்றி. எனவே கிராண்ட் யமஷிட்டாவை மல்லாத்துவதிலேயே கண்ணாயிருந்தார். யமஷிட்டாவோ மல்லாந்து கிடப்பதைப் பற்றிச் சிறிதும் கவலைப்படவில்லை. கிடந்தபடியே ஒரு நிமிடத்திற்குள் கிராண்டின் கழுத்தை இறுக்கினார். மேலும் இரண்டு நிமிடத்திற்குள் முழங்கையைப் பூட்டிவிட்டார். கிராண்டின் வலிமை மிகுதியால் யமஷிட்டா களைத்துப்போனார் என்பதையும் ரூஸ்வெல்ட் மறைக்கவில்லை. ஆயினும் 'மல்லாந்தால் தோல்வி' என்னும் நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. நம் ஊரிலும் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்விதானே. 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று சொல்லித் திரிபவனுக்கு இக்கலையில் இடமில்லை. முதுகு முழுதும் மண் ஒட்டட்டும் என்று கிடப்பவனே இதில் மேலேறுகிறான்.

யமஷிட்டாவின் ஆசிரியர் கானோ ஜிகோரோ. 1882-ஆம் ஆண்டு தோக்கியோ நகரின் எய்ஷோஜி என்னும் புத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்களை விரித்து ஒன்பது மாணவரோடு கொடோக்கான் என்னும் பள்ளியைத் தொடங்கியபோது கானோவுக்கு 21 வயதே. பழைய ஜுஜுட்சு மரபுகளிலிருந்த கொடிய அடிகளை ஒதுக்கிவிட்டு, இருவர் தடையின்றி மோதிப் பயிலக்கூடியவற்றை முதன்மைப்படுத்தியதே அவர் செய்த மாற்றங்களுள் தலையாயது. இளமையிலேயே அவர் ஒன்றைக் கண்டிருந்தார். அவருக்குக் கற்பித்த ஆசான்களுள் ஒருவரான இசோ மசத்தோமோ வயது முதிர்ந்தவர். மோதிப் பயிலும் பகுதியை இளைய உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஒழுங்குமுறை அசைவுகளை மட்டும் தாமே கற்றுக்கொடுத்தார். வயதுக்கேற்ற பங்கீடு இக்கலையில் அன்றே இருந்தது.

கொடோக்கானிலிருந்து புறப்பட்ட இன்னொருவர் மிட்சுயோ மயேடா. 1878-இல் ஜப்பானின் வடபகுதியிலுள்ள அவொமோரிப் பகுதியில் பிறந்தவர். 1904-இன் இறுதியில் அமெரிக்கா வந்து, பின்பு பிரித்தானியா, ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று நாடு நாடாகச் சென்று மல்லர்களோடு பொருதார். ஸ்பெயினில் 'கோந்தே கோமா' என்னும் பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1914-இல் பிரேசில் நாட்டை அடைந்து, இறுதியில் அமேசான் முகத்துவாரத்துப் பெலேம் நகரில் நிலைத்துவிட்டார். அங்கு ஜப்பானியக் குடியேற்றப் பணிகளில் ஈடுபட்டு, 1941-இல் அந்நகரிலேயே மறைந்தார். (அவர் துணைநின்ற தொமே-அசூ குடியேற்றம் பிற்காலத்தில் மிளகு விளைச்சலால் பெயர் பெற்றது. மலபார்க் கரையின் செடி அமேசானில் வேரூன்றியதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

பெலேமில் கிரேசி என்னும் குடும்பம் வாழ்ந்தது. அக்குடும்பத்துப் பிள்ளை கார்லோஸ், 1902-இல் பிறந்தவர். இளமையில் மயேடாவிடம் பயின்றார் என்பது குடும்பத்தார் கூறும் வரலாறு. நேரே மயேடாவிடமா, அவர்தம் மாணவரிடமா என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் வினா எழுப்பியுள்ளனர். குடும்பம் ரியோ டி ஜெனிரோவுக்குக் குடிபெயர்ந்தபின் 1925-இல் கார்லோஸ் அங்கே பயிற்சிக்கூடம் தொடங்கினார். அவருடைய இளைய தம்பி எலியோ, 1913-இல் பிறந்தவர்; மெலிந்த உடலினர். அடிக்கடி மயங்கி விழுவாராம். பயிற்சி கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்ததால் அண்ணன்மார் கற்பிப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தே பாடங்களை மனத்தில் வாங்கிக்கொண்டாராம். ஒருநாள் வங்கி அதிகாரி ஒருவர் பாடத்திற்கு வந்தார், கார்லோஸ் வந்துசேரவில்லை. எலியோ அவருக்குக் கற்பித்தார். இனி இந்தத் தம்பியே தமக்குக் கற்பிக்கட்டும் என்று அந்த அதிகாரி கேட்டுக்கொண்டாராம். வலிமை போதாத எலியோ, நெம்புகோல் தத்துவத்தையும் பொறுமையையும் கொண்டு கலையை மெலியோருக்கேற்பத் திருத்தியமைத்தார் என்று கதை தொடர்கிறது.

இக்கதையை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. தரைப்பிடிகள் எலியோவின் கண்டுபிடிப்பல்ல. யமஷிட்டா 1905-இலேயே மல்லாந்து கிடந்து வென்றதைப் பார்த்தோம். ஜப்பானிய உயர்பள்ளிகளில் தரைப்பிடிகளையே பெரிதும் சார்ந்த ஜூடோ போட்டிகள் 1914 முதல் நடந்துவந்தன. இருப்பினும் கதையில் வரும் அந்த வங்கி அதிகாரி நம் கவனத்தை ஈர்க்கிறார். தொடக்கக் கதையிலேயே மாணவராக வருபவர், மேசையின் முன் அமர்ந்து வேலை பார்க்கும் மனிதர். 1952-இல் ரியோ நகரின் அலுவலகப் பகுதியான ரியோ பிராங்கோ சாலையில் கிரேசி குடும்பத்தார் அமைத்த கூடத்தில், வேலைக்குச் செல்வோர் வந்து தனித்தனியாகப் பாடம் கேட்டுச் சென்றனர். மைதானத்து வீரர்களைப் போலவே அலுவலக மனிதர்களும் இக்கலையை வளர்த்தனர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பணமுள்ளோர் மட்டுமே கற்றனர் என்றும் எண்ண வேண்டாம். மயேடாவின் மாணவர் லூயிஸ் பிரான்சா. அவர் மாணவர் ஒஸ்வால்டோ ஃபாடா. ஃபாடா ரியோவின் புறநகரான பெந்தோ ரிபெய்ரோவில் கூடம் அமைத்து, கட்டணம் தர இயலாத ஏழைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1950-களின் நடுவில் அவருடைய மாணவர்கள் கிரேசி கூடத்தாரை அறைகூவி வென்றனர். 2005-இல் அவர் மறைந்தபோதும் கிரேசி என்னும் பெயருக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.

இனி எலியோவிடம் திரும்புவோம். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 23. ரியோவின் மரக்கானா அரங்கம். ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசஹிக்கோ கிமுராவை எலியோ எதிர்கொண்டார். எலியோவுக்கு 38 வயது, கிமுராவுக்கு 34. எடையிலும் வலிமையிலும் கிமுரா மிகவும் மேலானவர். இரண்டாம் சுற்றில் கிமுரா எலியோவின் கையைப் பின்புறமாக மடக்கித் திருகினார். கை முறியும் நிலை. எலியோ தட்டவில்லை. ஓரத்தில் நின்ற கார்லோஸ் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் துண்டை வீசித் தம்பியின் தோல்வியைத் தாமே ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1955-இல், தம் முன்னாள் மாணவர் வால்டெமார் சந்தானாவோடு எலியோ மோதியபோது அவருக்கு 41 வயது. மூன்றரை மணி நேரத்திற்கும் மேலாக நீண்டது அப்போர். தலையில் விழுந்த உதையோடு எலியோ சாய்ந்தார். அப்போதும் அவர் தட்டவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் வீரத்தின் உச்சமாகவே பலர் எழுதியுள்ளனர். நமக்கோ அவ்வாறு தோன்றவில்லை. அன்று தட்டாதவரின் கையை அண்ணனின் துண்டு காப்பாற்றிற்று. நாள்தோறும் பாயில் இறங்கும் சாதாரண மனிதருக்கு அண்ணனும் இல்லை, துண்டும் இல்லை. நாளை காலை வேலைக்குப் போக வேண்டியவர்; பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டியவர். அவருக்குத் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். மரக்கானாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. அன்று கிமுரா பயன்படுத்திய பூட்டுக்கு ஜப்பானிய மொழியில் ஏற்கெனவே பெயருண்டு. ஆனால் பிரேசிலியர் அதற்குக் 'கிமுரா' என்றே பெயரிட்டனர். தம் ஆசானைத் தோற்கடித்தவரின் பெயரை, தோற்ற பக்கத்தார் தம் பாடத்திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டனர். இன்றும் உலகெங்கும் புது மாணவர்கள் முதலாண்டிலேயே அப்பெயரைக் கற்கின்றனர். இது தட்டலைக் காட்டிலும் பெரிய ஒப்புதல் அன்றோ?

எலியோ பிற்காலத்தில் தொண்ணூறு வயதைக் கடந்தும் வெள்ளை அங்கியோடு பாயில் அமர்ந்து கற்பித்தார். 2009-ஆம் ஆண்டு ஜனவரியில், 95 வயதில் மறைந்தார்.

கலை உலகறியப் பரவியது 1993-க்குப் பிறகே. அவ்வாண்டு நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், பல்வேறு சண்டைக்கலை வல்லுநரை ஒரே கூண்டில் மோதவிட்ட போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் வென்றார். ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள அந்த இளைஞர், தம்மிலும் பருத்தவர் உட்பட மூவரை ஒரே இரவில் தட்ட வைத்தார். கூண்டுச் சண்டையை நாம் போற்றவில்லை. அதன் குருதிவெறி நமக்கு உவப்பானதன்று. எனினும் மெலிந்தவர் வென்ற காட்சியைக் கண்ட மெலிந்தவர்கள் பயிற்சிக்கூடங்களைத் தேடிச் சென்றனர் என்பது வரலாறு. சென்றவர்களுள் நரைத்த தலைகளும் இருந்தன.

அவர்களுக்காகப் போட்டி விதிகளும் வளைந்து கொடுத்தன. பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, முப்பது வயது முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவாக ஏழு பிரிவுகள் உள்ளன. கடைசிப் பிரிவு 61 வயதும் அதற்கு மேலும். கறுப்புப் பட்டை பெற்ற இளைஞர்க்குப் போட்டி நேரம் பத்து நிமிடம். முப்பத்தாறைத் தொட்டவர்க்கு ஐந்தே நிமிடம். கற்கும் காலத்தில் மட்டும் எவ்விதச் சலுகையும் இல்லை. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு என்று ஏறிக் கறுப்புப் பட்டையை எட்டப் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டு ஆகிறது. ஐம்பதில் சேர்ந்தவர் அறுபதில் பெறுவார். எட் ஓ'நீல் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் நாற்பதுகளில் சேர்ந்து, 2007-இல் ரோரியன் கிரேசியிடம் கறுப்புப் பட்டை பெற்றபோது அவருக்கு 61 வயது. தம் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகத் தாம் பெருமை கொள்வது இதுவே என்று அவர் கூறியிருக்கிறார்.

சமையல் வல்லுநரும் எழுத்தாளருமான அந்தோனி போர்டெய்னின் வரலாறு இதனினும் ஆழமாக நம்மைத் தைக்கிறது. நெடுங்காலம் புகைபிடித்தவர், ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டார், ஊர் ஊராகப் படப்பிடிப்புக்குச் சென்ற இடங்களிலும் பயிற்சிக்கூடத்தைத் தேடிப் போனார். 2016-இல், 59 வயதில், நியூயார்க் போட்டியில் ஐம்பதைத் தாண்டிய நீலப் பட்டையினர் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் மாதம், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். முதல் செய்தியை மட்டும் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுவோர் உளர். அது நேர்மையன்று. பாயிலே நாள்தோறும் தட்டி 'போதும், விடு' என்று சொல்லக் கற்றவர், பாய்க்கு வெளியே யாரிடம் தட்டுவதென்று அறியாமல் போனாரோ என்னவோ. எந்தக் கலையும் ஒரு மனிதனின் முழுச் சுமையையும் தாங்கிவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது.

உடலின் ஆபத்துகளையும் மறைக்கலாகாது. முழங்கால், விலா, கழுத்து இவை வயது கடந்தோர்க்கு எளிதில் புண்படும். புண்பட்டால் ஆறுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். கழுத்துப் பிடிகளால் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததும், அரிதாகவே எனினும், மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. இரத்த அழுத்தம் உள்ளவரும் நெஞ்சுநோய் உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் இறங்கக் கூடாது. ஆனால், படித்த வரையில், வயது கடந்து வருவோரை முதல் மாதத்திலேயே திருப்பி அனுப்புவது பெரும்பாலும் முழங்கால் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. தம் மகனைவிட இளையவரான ஆசிரியருக்குத் தலைவணங்க வேண்டும். இருபது வயதுக் கல்லூரி மாணவரின் அடியில் மல்லாந்து கிடந்து, எல்லாரும் பார்க்க, பாயைத் தட்ட வேண்டும். அதுவும் ஒரு மாலையில் பத்து முறை. அலுவலகத்தில் எழுந்து நின்று வணக்கம் வாங்கிய உடம்பு அது.

இதை நாம் எளிதாக எழுதிவிட்டோம். ஐம்பத்திரண்டாம் வயதில், ஆசிரியப் பணியிலிருந்தபோதே, கணிப்பொறி கற்க விரும்பி நம் ஊர்ப் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தோம். கற்பித்தவர் நம்மிடம் ஏழாம் வகுப்பில் படித்த மாணவர். பக்கத்து இருக்கைகளில் பள்ளிப் பிள்ளைகள். முதல் நாள் சுட்டெலியைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டாம் நாள் எழுதியதெல்லாம் திரையிலிருந்து மறைந்துபோயிற்று. மூன்றாம் நாள் பக்கத்துச் சிறுமி, "ஐயா, நான் செய்து தரட்டுமா?" என்று அன்போடுதான் கேட்டாள். நான்காம் நாள் நாம் போகவில்லை. பள்ளியில் தேர்வு வேலை மிகுதி என்று சொல்லியனுப்பினோம். வேலை அப்படியொன்றும் மிகுதியாக இல்லை.

அந்த மாணவர் இன்றும் அதே தெருவில் வகுப்பு நடத்துகிறார். மாலையில் நாம் நடக்கும் வழி அதுதான். நம்மைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, "வணக்கம் ஐயா" என்கிறார். நாமும் வணக்கம் சொல்கிறோம். கட்டிய பணத்துக்கு இன்னும் இருபத்தேழு வகுப்புகள் மீதமுள்ளன என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.